திருகன் மூடிய குழி

பனிமலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு காட்டாட்டு மந்தை வசித்தது. அதற்குத் தலைவி சாம்பி. ஒரு கொம்பு ஒடிந்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் மந்தை கேட்கும்.

கோடையில் ஆடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்காலம் வந்தால்தான் திண்டாட்டம். அவை தங்கும் குகையைச் சுற்றிப் பனி மூடிவிடும். பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியை நக்கித்தான் உயிர் பிழைக்க வேண்டும். புல் வேண்டுமானால் நெடுஞ்சரிவைக் குறுக்கே கடந்து எதிர்முகட்டுக்குப் போக வேண்டும். அங்கே காற்று பனியை நிற்கவிடாது. காய்ந்த புல் வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காற்று, முகட்டில் வாரிய பனியை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது? நெடுஞ்சரிவில்தான் கொட்டியது. எதிரே புல் எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ, நடுவில் உள்ள சரிவில் அவ்வளவு பனி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பசித்த வயிறு புல்லைத்தான் பார்க்கும். நடுவில் இருப்பதைப் பார்க்காது.

அதற்காகவே மந்தையில் பனி பார்க்க ஒருவன் இருந்தான். அவன் பெயர் திருகன். கொம்பு இரண்டும் முறுக்கிக்கொண்டு போவதால் வந்த பெயர். வேலையில் கெட்டிக்காரன். விடிந்ததும் மந்தைக்கு முன்னால் போய், சரிவின் ஓரத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்துக் குளம்பால் குழி தோண்டுவான். பனி ஒரே தடவையில் விழுவதில்லை அல்லவா? ஒன்றன்மேல் ஒன்றாகப் படலம் படலமாகப் படிந்திருக்கும். படலங்கள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்திருந்தால் பயமில்லை. அடியில் ஒரு படலம் ரவை மாதிரி உதிர்ந்தால்தான் ஆபத்து. மேலே உள்ளது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த ரவைமேல் வழுக்கிக்கொண்டு மொத்தமாக இறங்கிவிடும். ஒரு ஆட்டின் பாரம் போதும், ஒரு சரிவே கிளம்பிவிடும்.

பனி நன்றாக இருந்தால் திருகன் “போகலாம்” என்பான். முதலில் அவன் கடப்பான். அவன் அக்கரை சேர்ந்தபிறகு அடுத்தது, அதற்குப்பிறகு அடுத்தது என்று ஒவ்வொன்றாக மந்தை கடக்கும். உயிரைப் பணயம் வைத்து முதலில் போகிறவன் என்பதால் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு. எதிர்முகட்டில் முதல்வாய்ப் புல் அவனுடையது. அவன் வாய் வைக்கும்வரை வேறு எந்த ஆடும் வாய் வைக்கக்கூடாது.

நல்ல வழக்கம் என்றுதான் எல்லா ஆடுகளும் நினைத்தன. “போகலாம்” என்று சொன்னால் முதல்வாய்ப் புல். “வேண்டாம்” என்று சொன்னால்? அதற்கு மட்டும் மந்தையில் ஒரு வழக்கமும் இல்லை. ஆடுகள் அவனை முறைத்துவிட்டுத் திரும்பி நடக்கும். குகைக்கு வந்தால் பாசியை ஆளுக்கு ஆள் நக்கித் தீர்த்துவிடும். அன்றைக்கு அவன் வந்து நிற்பது கடைசியில்.

அந்த வருஷம் பனி பொல்லாததாக இருந்தது. திருகன் ஒருமுறை மந்தையைத் திருப்பி அழைத்து வந்தான். முணுமுணுத்துக்கொண்டே ஆடுகள் வந்தன. நாலு நாள் கழித்து மறுபடியும் திருப்பி அழைத்து வந்தான். இந்தத் தடவை முணுமுணுப்போடு நிற்கவில்லை. காரி என்று ஒரு வாலிப ஆடு இருந்தான். நல்ல கறுப்பு, நல்ல கொழுப்பு. அவன் குகை வாசலில் நின்று, முன்காலால் பனியை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்து, திருகனைப் போலவே நடுங்கிக் காட்டினான். எல்லா ஆடுகளும் சிரித்தன. பசியில் இருந்தவற்றுக்கு அந்தச் சிரிப்பாவது கிடைத்தது.

மயிலை மட்டும் சிரிக்கவில்லை. மயிலை சினையாக இருந்தாள். மந்தையிலேயே அவளுக்குத்தான் அதிகப் பசி. ஆனாலும் இரண்டு தடவையும் திரும்பி வரும்போது திருகனுக்குப் பக்கத்தில் அவள்தான் நடந்து வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நடந்து வந்தாள்.

மறுநாள் அந்தப் பக்கமாக நரி வந்தது. குகைக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, நேற்று சாயங்காலம் நெடுஞ்சரிவில் தான் போய்விட்டு வந்ததாகவும், பனி அசையக்கூட இல்லை என்றும் சொன்னது. அது பொய்யில்லை. நரி நிஜமாகவே போய்விட்டுத்தான் வந்தது. நரிக்கு என்ன எடை இருக்கிறது? பஞ்சுக்கால்.

ஆடுகள் புல் தின்றால் நரிக்கு என்ன லாபம் என்று ஒரு ஆடாவது கேட்டிருக்கலாம். ஆடுகள் சரிவில் இறங்காத வருஷம் நரிக்குப் பட்டினி. பனி சரிந்து ஒன்றிரண்டு ஆடுகளை அள்ளிக்கொண்டு போனால், உருகும் காலம்வரை அதற்கு விருந்து. வேட்டையாட வேண்டியதே இல்லை. இது எல்லா ஆடுகளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தனக்குப் பிடித்த சேதியைக் கொண்டுவருகிறவனை யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

“நரி போய்ட்டு வந்துருக்கு. நாம இங்க கல்லை நக்கிட்டு நிக்கிறோம்” என்றான் காரி.

திருகன் நரியின் எடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை. சாம்பி அவன் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்குப் போய்ப் பாரு, திருகா. நாளைக்கும் வேண்டாம்னா, அடுத்த தடவையிலருந்து காரி பார்க்கட்டும்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைக் குத்தியது. அன்று முழுக்க அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு தடவையும் தான் சொன்னது சரிதானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. சரிவு சரிந்திருந்தால் அவன் சொன்னது உண்மையென்று தெரிந்திருக்கும். யாரும் இறங்கவில்லை, அதனால் சரியவும் இல்லை. சாகாமல் தப்பித்தவர்களுக்குத் தப்பித்ததே தெரியாது. இதை எப்படி நிரூபிப்பது?

மறுநாள் காலையில் திருகன் சரிவுக்குப் போனான். வழக்கம்போல நிழல் விழுந்த இடத்தில் தோண்டினான். மேலே காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பனி. தட்டினால் ஓசை வந்தது. அதற்கு அடியில் குளம்பை விட்டான். ரவை பொலபொலவென்று உதிர்ந்து குழிக்குள் கொட்டியது.

ஒரு அடி பின்னால் வைத்தான். அப்போது பனிக்குள்ளிருந்து ‘ஹும்’ என்று ஒரு சத்தம் வந்தது. பாரம் தாங்காமல் யாரோ மூச்சு விட்ட மாதிரி. அவன் காலுக்குக் கீழே சரிவு ஒரு மயிரிழை தாழ்ந்தது. பனி பார்க்கிறவன் அதைவிடத் தெளிவான எச்சரிக்கையைக் கேட்கவே முடியாது. வேறு நாளாக இருந்தால் திருகன் ஓடிவந்து மந்தையை வழியிலேயே மறித்திருப்பான்.

அன்று ஓடவில்லை. முன்காலைத் தொட்டுத் தொட்டு எடுத்த காரியின் நடுக்கம்தான் அவன் கண்ணில் நின்றது. மந்தையின் சிரிப்பு காதில் கேட்டது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இன்னும் வரவில்லை. பின்காலால் பனியைத் தள்ளிக் குழியை மூடினான். மூடிய இடத்தை மிதித்துச் சமப்படுத்தினான்.

பிறகு வெயில் படும் பாறையோரத்துக்குப் போனான். பாறையை ஒட்டிய இடத்தில் பனி எப்போதும் மெலிதாக, இறுகிக் கிடக்கும். அங்கே தோண்டினால் நல்ல பனிதான் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அங்கே இன்னொரு குழி தோண்டினான்.

மந்தை வந்து சேர்ந்தது. சாம்பி குழியை எட்டிப் பார்த்தாள். படலங்கள் வரிசையாக, கெட்டியாக இருந்தன. அவள் குழியைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், எதிர்முகட்டில் ஆடிக்கொண்டிருந்த புல்லைப் பார்த்தாள். தலையை அசைத்தாள்.

“போகலாம்” என்றான் திருகன்.

ஆடுகளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நேற்றுவரை முறைத்தவை எல்லாம் அவன் விலாவில் உரசிக்கொண்டு நின்றன. காரிகூட, திருகண்ணே பார்த்தால் பார்த்ததுதான் என்றான். எவ்வளவு சீக்கிரம் அண்ணன் ஆகிவிட்டான் பாருங்கள். திருகனுக்கு அது இனித்தது. இனித்தது என்பதை அப்புறம் அவனால் மறக்கவே முடியவில்லை.

மயிலை பக்கத்தில் வந்தாள். “நல்லாப் பார்த்தியாண்ணே?” என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வயிற்றில் குட்டி இருக்கிறவள் கேட்கிற சாதாரணக் கேள்வி.

“பார்த்தேன்” என்றான்.

திருகன் முதலில் இறங்கினான். ஒவ்வொரு அடியையும் மெல்ல வைத்தான். அக்கரை சேர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. நரி சொன்னது சரிதானோ, அந்தச் சத்தம் வெறும் பிரமையோ என்று மனது உடனே சமாதானம் தேடிக்கொண்டது. அடுத்துக் காரி இறங்கினான். துள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். மூன்றாவதாக மயிலை இறங்கினாள்.

அவள் பாதி தூரம் வந்தபோது அவளுக்கு மேலே பனியில் ஒரு கோடு ஓடியது. கண்ணிமைப்பதற்குள் அது சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடிவிட்டது. மயிலை நின்று தலையைத் தூக்கித் திருகனைத்தான் பார்த்தாள். பிறகு சரிவு முழுவதும் கிளம்பியது. இடிமுழக்கம் மாதிரி சத்தம். வெள்ளைப் புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. புழுதி அடங்கியபோது மயிலை நின்ற இடத்தில் மொட்டைப் பாறைதான் இருந்தது.

சரிந்த பனி கீழே மேடாகக் குவிந்து கிடந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆடுகள் இறங்கி ஓடின. குளம்பால் தோண்டின. மேலே இருந்தவரை கெட்டியாக இருந்த பனி, கீழே வந்து விழுந்ததும் கல்லாக இறுகிக் கிடந்தது. குளம்பு பிளந்து ரத்தம் வந்தது. திருகன் கொம்பால் குத்திக் குத்தித் தோண்டினான். வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியபோது அவளைக் கண்டுபிடித்தன. மூச்சு நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. குட்டியும் அவளோடு போய்விட்டது.

ஆடுகள் சுற்றி நின்றன. அப்போது மேட்டின் மறுபுறத்திலிருந்து நரி வந்தது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டே வந்தது. திருகனைப் பார்த்ததும் மரியாதையாக நின்றது.

“ரொம்ப நன்றி, திருகா. ரெண்டு தடவை என்னைப் பட்டினி போட்டே. இன்னைக்குத்தான் உனக்கு என்மேல இரக்கம் வந்துச்சு.”

காரி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து நரியை விரட்டினான். திருகன் பாயவில்லை. அவனால் தலையையே தூக்க முடியவில்லை. அன்று முழுக்க அவனுக்கு மனசார நன்றி சொன்னது நரி ஒன்றுதான். அது சரியான ஆளுக்குத்தான் சொன்னது.

இருட்டுவதற்குள் மந்தை முகட்டுக்கு ஏறியாக வேண்டும். சரிந்துபோன சரிவில் இனி சரிவதற்குப் பனி இல்லை. எல்லா ஆடுகளும் மேலே ஏறிப் புல்லுக்கு முன்னால் போய் நின்றன. நின்றனவே தவிர, எதுவும் வாய் வைக்கவில்லை. வழக்கம் இருக்கிறதே. முதல்வாய் திருகனுடையது.

திருகன் கடைசியாக ஏறி வந்தான். ஆடுகள் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டன. நல்ல புல்லாகப் பார்த்து ஒரு இடத்தை அவனுக்காக விட்டுவைத்திருந்தன. எல்லாம் பசியில் நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லாக் கண்ணும் அவன் வாயைப் பார்த்தன.

“சாப்பிடு, திருகா. பனி ஏமாத்திருச்சு. நீ என்ன பண்ணுவே?” என்றாள் சாம்பி.

காரி பக்கத்தில் வந்து, தான் கேலி செய்ததெல்லாம் தப்பு என்றான். குழி தோண்டிப் பார்த்துத்தானே சொன்னே, உன்மேல ஒரு குத்தமும் இல்ல என்றான். மற்ற ஆடுகளும் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லின. ஒவ்வொரு ஆறுதலும் திருகனுக்கு ஒவ்வொரு அடியாக விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவன் தலையைக் குனிந்தான். புல் உதட்டில் பட்டது. கடித்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தக் குழியைப் பற்றி யாருக்கும் எப்போதும் தெரியப் போவதில்லை. அது சரிவோடு சரிந்து போய்விட்டது. அவன் வாயைத் திறந்தான். வாய் புல்லைக் கடிக்க மறுத்துவிட்டது.

“அக்கா” என்றான் சாம்பியிடம். “உனக்கு நான் காட்டினது ரெண்டாவது குழி.”

சாம்பிக்குப் புரியவில்லை.

“மொதல்ல நிழல்ல தோண்டினேன். அடியில ரவை. காலுக்குக் கீழ பனி ஹும்னுச்சு. எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் மூடினேன். மூடிட்டுப் பாறையோரம் வந்து வேற குழி தோண்டினேன். மயிலை கேட்டா, நல்லாப் பார்த்தியான்னு. பார்த்தேன்னேன்.”

அவன் பக்கத்தில் நின்ற ஆடுகள் ஒவ்வொன்றாக ஒரு அடி தள்ளி நின்றன.

“ஏன்?” என்று கேட்டாள் சாம்பி.

மந்தைக்குப் பசி என்று சொல்லலாம் என்று நினைத்தான். மயிலைக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். இரண்டும் பொய் என்று அவனுக்குத் தெரியும்.

“சிரிப்பீங்கன்னு” என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே உடம்பு கூசியது. ஒரு உயிருக்கு, இரண்டு உயிருக்கு, இவ்வளவு அற்பமான காரணமா? சரிவோடு தானும் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது.

சாம்பி முட்டுவாள் என்று எல்லா ஆடுகளும் எதிர்பார்த்தன. திருகனும் அதற்காகத்தான் காத்து நின்றான். அவள் முட்டவில்லை. அவளும் தலையைத் தொங்கப்போட்டாள்.

“நிழல்ல தோண்டுறதுதானே நம்ம வழக்கம்” என்றாள் மெதுவாக. “பாறையோரமாத் தோண்டியிருக்கானேன்னு எட்டிப் பார்த்தப்பவே எனக்குத் தோணுச்சு. கேக்கல. கேட்டா நீ வேற பதில் சொல்லிருவியோன்னு பயம். எனக்கும் புல்லு வேணும்னு இருந்துச்சு.”

காரி, முந்தாநாள் நடுங்கிக் காட்டிய முன்காலை மடக்கி வயிற்றுக்குக் கீழே மறைத்துக்கொண்டான். சிரித்த ஆடுகள் எல்லாம் தரையைப் பார்த்தன. சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் கீழே கிடந்தாள்.

புல் அவ்வளவு இருந்தும் வெகு நேரம் ஒரு ஆடும் தின்னவில்லை. முதலில் வாய் வைக்க யாருக்கும் முகமில்லை. கடைசியில் குளிர் தாங்காமல் சாம்பி சொன்னபிறகு எல்லாம் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்தன. ஒன்றை ஒன்று பார்க்காமல் தின்றன. திருகன் தின்னவில்லை. விளிம்பில் போய் நின்று, விடியும்வரை மேட்டின் பக்கம் நரி வராமல் பார்த்துக்கொண்டான். அவளுக்காக இனி அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அவனை மந்தை விரட்டவில்லை. விரட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். பனி பார்க்கும் வேலையைக் காரிக்குக் கொடுத்துவிடும்படி அவனே கேட்டான். காரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவனோடு தானும் வந்து குழி தோண்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னான். சாம்பி அதற்குச் சம்மதித்தாள். அதோடு பழைய வழக்கத்தையும் மாற்றினாள். அதன் பிறகு எந்தக் குழியையும் இரண்டு பேர் பார்க்காமல் மந்தை நகரவில்லை. “போகலாம்” என்கிற நாளில் பனி பார்த்தவன் எல்லோருக்கும் கடைசியில்தான் புல் தின்ன வேண்டும்.

பனி உருகுவதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை குழிக்குள் ரவை உதிர்ந்தது. காரியும் அதைப் பார்த்தான். திருகன் திரும்பி வந்து மந்தையின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி “வேண்டாம்” என்றான். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆடுகள் குகைக்குத் திரும்பி நடந்தன. பழக்கதோஷத்தில் திருகன் கடைசியில் நடந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு நடக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் வந்து நடக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அவன் குகைக்கு வந்தபோது ஆடுகள் எல்லாம் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன. ஒரு ஆடும் பாசியைத் தொடவில்லை. எல்லாம் பசியோடு அவனுக்காகக் காத்திருந்தன. அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. இந்த மரியாதையை அன்றைக்கே கொடுத்திருந்தால் என்று மந்தையும், இது இல்லாமலே அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியவன்தானே நான் என்று அவனும் நினைத்தார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. திருகன் பாறையிடம் போய், தலையைத் தூக்காமல், முதல் வாய் நக்கினான்.

கேலிக்கு வெட்கப்பட்டு உண்மையை மூடி மறைக்கிறவன் பிறகு சாகும்வரை வெட்கப்பட வேண்டியிருக்கும். “வேண்டாம்” என்று சொன்னவனைப் பார்த்துச் சிரித்த கூட்டமும் அந்த வெட்கத்தில் பங்கு வாங்கியே தீரவேண்டும்.